வெள்ளிக்கிழமைகளில் படுத்துக்கொண்ட லிங்கர்

எங்கள் போஸுக்கு, அதாவது கம்பெனி முதலாளிக்கு, கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கட்டளைதான் தெரியும். ஃபைல்களின் பெயரையும் அவை எழுதப்பட்ட நேரத்தையும் திரையில் வரிசையாகக் காட்டும் கட்டளை. வெள்ளிக்கிழமைதோறும், வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய, புரோகிராம் ஏற்றிய பிளாப்பித் தட்டை வாங்கித் தன் மெஷினில் செருகி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நேரத்தை மட்டும் பார்ப்பார். பத்தரைக்கு முன்னால் என்றிருந்தால் சாமி படத்தடியில் வைத்து, உறையில் சந்தனப் பொட்டு வைத்துக் கொடுப்பார். பத்தரையைத் தாண்டியிருந்தால் ராகுகாலம். அந்தப் பிளாப்பி அடுத்த வெள்ளிக்கிழமை வரை அலமாரியில் தூங்கவேண்டியதுதான். சந்தனத்தை உறையோடு நிறுத்திக்கொண்டாரே, அதற்கே நாங்கள் கும்பிடுபோட வேண்டும்.

அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர் அவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியைப் பிடித்து, தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் சின்னச் சின்ன மின்பலகைகளுக்குப் புரோகிராம் எழுதும் கம்பெனி வைத்தார். அதில் நான் லிங்கர் எழுதினேன்.

லிங்கர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு புரோகிராமைப் பல பேர் துண்டு துண்டாக எழுதுவோம். அந்தத் துண்டுகளையெல்லாம் ஒன்றாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கி, யார் யாரை எங்கே போய்த் தேடவேண்டும் என்று முகவரி எழுதிக் கொடுப்பது லிங்கர். கடையில் வாங்கியது எங்கள் பலகைக்குச் சரிப்பட்டு வரவில்லை. நானே எழுதினேன். அது முதன்முதலில் ஓடிய அன்று எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கிள்ளானிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து வேலை பார்த்த ஒரு லோரி டிரைவர் மகளுக்கு அவ்வளவு கர்வம் இருந்ததில் தப்பில்லை என்றும் தோன்றுகிறது.

அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் எல்லாத் துண்டுகளையும் முதலிலிருந்து படித்தால் நேரமாகும். அதனால் லிங்கர் தான் படித்ததைக் குறித்து ஒரு சின்ன ஃபைலில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை, அந்தக் குறிப்புக்குப் பிறகு மாறிய துண்டை மட்டும் புதிதாகப் படிக்கும். மற்றவற்றுக்குப் பழைய அளவையே வைத்து வேலையை முடிக்கும். நேரம் முன்னால்தான் போகும் என்று நம்பி எழுதினேன். வேறு எதை நம்புவது?

எல்லோருடைய துண்டுகளையும் வாங்கி, வெள்ளிக்கிழமை காலையில் கடைசியாக ஒட்டி, பிளாப்பியைப் போஸிடம் கொடுப்பது ஓர் அண்ணனின் பொறுப்பு. சொந்த அண்ணன் இல்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். "அண்ணேன்னே கூப்பிடு" என்று முதல் நாளே சொன்னார், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவரும் கிள்ளான்தான். மாலையில் தன் பழைய காரில் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். அம்மா அவருக்கென்று தனியாக மீன் குழம்பு எடுத்துவைப்பார். எனக்கு வைத்ததைவிட நல்ல துண்டுகளாகவே இருக்கும்.

அந்த வருடம் நடுவிலிருந்து லிங்கர் படுக்கத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மெஷின் உறைந்துவிடும். எந்த விசையைத் தட்டினாலும் அசையாது. அணைத்துப் போடவேண்டும். என் மெஷினில் ஒரு நாளும் வராது. அவருடைய மெஷினில், அதுவும் வெள்ளிக்கிழமைகளில், போஸ் பிளாப்பிக்காகக் காத்திருக்கும் நேரத்தில்தான் வரும்.

"தங்கச்சி, உன் பிள்ள மறுபடியும் படுத்துக்கிச்சு லா!" என்று மாடி முழுக்கக் கேட்கக் கத்துவார்.

நான் ஓடிப் போவதற்குள் அவரே மறுபடி மெஷினைப் போட்டு, எப்படியோ ஒட்டி முடித்திருப்பார். "எப்படிண்ணே?" என்று கேட்டால், "ரெண்டாவது தடவ தானா வந்துச்சு" என்பார். தானாக வந்து தானாகப் போகும் காய்ச்சலுக்கு யார் மருந்து கொடுப்பது? சனி, ஞாயிறுகளில் என் குறிமுறையைத் தாளில் அச்செடுத்து வரிவரியாகப் படித்தேன். என் பேரிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தீபாவளி முடிந்த கையோடு அதைவிட மோசமானது நடந்தது. தெலுக் பங்லிமா காராங் என்னும் ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு நாங்கள் அனுப்பிய புரோகிராமில் ஒரு முகவரி தப்பு. ரப்பர் பால் தொட்டியின் வால்வு திறக்கவேண்டிய நேரத்தில் திறக்காமல், வரிசை முழுதும் நின்றுவிட்டது. எங்களைக் கூப்பிட்டார்கள். அண்ணன் தானும் வருவதாகச் சொன்னார். துணைக்கு ஓர் ஆள் இருக்கிறதே என்று எனக்கு உயிர் வந்தது.

தொழிற்சாலை வாசலில் கார் நின்றதும், "நீதானே எழுதுனவ, நீயே பேசு. நான் பேசுனா சரியா வராது" என்றார்.

தொழிற்சாலையின் சீன என்ஜினியர் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. நின்றுபோன வரிசையைக் காட்டினார். கை கட்டி நின்றிருந்த தொழிலாளர்களைக் காட்டினார். இதற்கு நான் என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று கேட்டார். என் லிங்கரின் தவறுதான், மன்னிக்கவேண்டும் என்றேன். இத்தனை பேர் முன்னால் அப்படித் தலை குனிந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அண்ணன் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, "விடு லா, யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். நான் இலையைப் பார்த்துக்கொண்டே அழுதேன். இப்படி ஒருவர் கூட இருக்கிறாரே என்பதற்காகவும் சேர்த்து அழுதேன்.

மறுநாள் போஸ் கூப்பிட்டார். "பிள்ளை, இந்த மாசம் முடியிறதுக்குள்ள இதுக்கு ஒரு முடிவு கட்டுங்கோ. இல்லாட்டி நான் வெளிநாட்டு லிங்கர் ஒண்டை வாங்கிப் பலகையையும் மாத்துறன். நீங்கள் வகுப்பு எடுக்கிற பக்கம் போங்கோ." வகுப்பு என்றால், வாடிக்கையாளர் கம்பெனிக் கிராணிகளுக்கு, அதாவது குமாஸ்தாக்களுக்கு, எந்த விசையை எப்போது அழுத்துவது என்று சொல்லிக் கொடுப்பது. என்னிடமிருந்து லிங்கரைப் பிடுங்கிவிட்டால் அங்கே எனக்கு மிஞ்சுவது அதுதான்.

லிங்கரின் ஒவ்வொரு அடியிலும் தான் என்ன செய்கிறது என்பதைத் திரையில் எழுதவைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அது வழக்கம்போல் படுத்தது. அன்று யாரோ போன் பண்ணிக் கூப்பிட, அண்ணன் கீழே இறங்கிப் போயிருந்தார். முதல் தடவையாக, அவர் மறுபடி ஓட்டுவதற்கு முன்னால் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

திரையில் கடைசி வரி தெளிவாக நின்றது. ஒரு துண்டைப் பழையது என்று லிங்கர் முடிவு கட்டியிருந்தது. அதற்குப் பழைய அளவில் இடம் போட்டிருந்தது. ஆனால் துண்டு உண்மையில் புதிது, வளர்ந்திருந்தது. சின்னப் பானையில் பெரிய படி அரிசியைப் போட்டதுபோல, பொங்கி, பக்கத்தில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு உறைந்திருந்தது. கொஞ்சம்தான் வளர்ந்திருந்தால் உறையாது. சத்தமில்லாமல் தப்பான முகவரியை எழுதிவிட்டுப் போய்விடும். வால்வு ஏன் திறக்கவில்லை என்பதும் அந்த நிமிடம் புரிந்தது. ஆனால் புதிய துண்டு ஏன் பழையதாகத் தெரிந்தது? மெஷினை அணைத்துப் போட்டு நேரத்தைப் பார்த்தேன். பத்தேகால் என்றது. என் கைக்கடிகாரத்தில் பதினொன்று ஆகிவிட்டிருந்தது. குறிப்பு ஃபைலில் பத்து ஐம்பது என்றிருந்தது. அதாவது, லிங்கரின் குறிப்பு இன்னும் வராத நேரத்தில் எழுதப்பட்டிருந்தது!

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மெஷினுக்குள் கடிகாரத்தை ஓட்டும் பேட்டரி செத்துவிட்டது என்று. துள்ளிக் குதித்துப் படியில் இறங்கி ஓடினேன். பூக்கடை ஓரம் அண்ணன் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கண்டுபிடிச்சிட்டேன்! உங்க மெஷின் பேட்டரி போயிடுச்சு, டைம் பின்னால ஓடுது!"

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "ஆமா லா, பேட்டரிதான் இருக்கும்" என்றார்.

அன்று மத்தியானமே புது பேட்டரி வாங்கி வந்து என் கையாலேயே போட்டேன். போஸிடம் சொல்லவேண்டாம், ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றார் அண்ணன். நல்ல யோசனை என்று தலையாட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் படுத்தது. நேரம் மறுபடியும் பின்னால் போயிருந்தது. புது பேட்டரி போட்ட மெஷின் வாரத்தில் ஒரு நாள் மட்டும் நேரம் மறக்குமா?

"அண்ணே, யாரோ டைம மாத்துறாங்க" என்றேன்.

அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "இதுக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்? படுத்தா அந்தக் குறிப்பு ஃபைல அழிச்சிட்டு ஓட்டு, எழுந்துக்கும். நான் அப்படித்தானே செய்றேன்."

"எப்பலேருந்து?"

"தீபாவளிக்கு முன்னாலேருந்தே..." என்றவர் பாதியில் நிறுத்தினார். காது சிவந்துவிட்டது.

யார் மாற்றினார் என்று அதற்கு மேல் கேட்கத் தேவையிருக்கவில்லை. நாங்கள் துண்டுகளைத் தாமதமாகக் கொடுப்போம், ஒட்டும்போது பத்தரை தாண்டிவிடும், போஸ் நேரம் பார்ப்பார். அதனால் கடிகாரத்தைப் பத்துக்குத் திருப்பிவிட்டு, கடைசியாக வந்த துண்டையும் அந்தப் பொய் நேரத்திலேயே தன் மெஷினில் எழுதி ஒட்டி, பிளாப்பியில் ஏற்றி, பிறகு சரியான நேரத்துக்கு மாற்றிவைத்திருக்கிறார். லிங்கர் ஏன் படுக்கிறது என்று தெரியும், எப்படி எழுப்புவது என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் மாடி முழுக்கக் கேட்கும்படி என் பிள்ளை படுத்துக்கொண்டது என்று கத்தியிருக்கிறார். கூட இருந்தே குழி பறிப்பது என்று சொல்வார்களே, அதற்கு என் அம்மா மீன் குழம்பும் ஊற்றியிருக்கிறார்.

நேராகப் போஸிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. என் பெயர் கெட்டதற்காக இல்லை. இத்தனை நாளாக ராகுகாலத்துப் பிளாப்பிகளுக்குச் சந்தனம் வைத்திருக்கிறோமே என்பதற்காக. அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் குனிந்த தலையோடு, "ஒரு வாரம் தள்ளிப் போனா உங்க மனசு கஷ்டப்படும்னுதான் போஸ்" என்றார்.

போஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "விசரா, என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! ராகுகாலத்துக்கு முன்னம் தொடங்கினாக் காணுமடா, அது போதும், முடிக்கத் தேவையில்லை. ஒன்பது மணிக்கு வெறும் பிளாப்பியைக் கொண்டந்து சாமியிட்ட வைச்சிருந்தாலே காணும்!"

மாடியில் எல்லோரும் சிரித்தார்கள். போஸும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணனும் சிரித்தார். பல வாரங்களுக்கு அந்த அலுவலகத்தில் அது ஒரு நகைச்சுவை. யாராவது தாமதமாக வந்தால், "கடிகாரத்தத் திருப்பி வைடா" என்பார்கள். லிங்கர் என்னிடமே இருக்கட்டும் என்று போஸ் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். தொழிற்சாலைக்கு யாரும் போன் பண்ணி, அன்று மன்னிப்புக் கேட்ட பெண்மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் சிரிக்கவில்லை. அன்றே லிங்கரைத் திருத்தினேன். துண்டின் நேரத்தை மட்டும் நம்பாமல், அளவையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வைத்தேன். நேரம் பின்னால் போயிருந்தால் வேலையை நிறுத்திவிட்டு அப்படியே சொல்லும்படி எழுதினேன். அதற்குப் பிறகு அது படுக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கீழே, கடை முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில் கார்ச் சாவியோடு அண்ணன் நின்றிருந்தார். "ஏறு, போலாம். இதையெல்லாம் மனசுல வெச்சிக்காத" என்றார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "தொழிற்சாலைல அத்தன பேர் முன்னால நான் மன்னிப்புக் கேட்டேனே. பக்கத்துல நின்னீங்களே. அப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?"

அவர் உண்மையிலேயே யோசித்துத்தான் பதில் சொன்னார். "நீ பேசுனா அவங்க ரொம்ப ஏச மாட்டாங்கன்னு தெரியும் லா. பொம்பளப் பிள்ள. நான் பேசியிருந்தா தோண்டித் துருவியிருப்பாங்க. அதான் உன்ன முன்னால விட்டேன். உனக்கு ஒண்ணும் ஆகலயே?"

அதை அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். அன்று நான் கிள்ளானுக்கு பஸ்ஸில் போனேன்.