இடது கை தேய்ந்த நாற்காலி

நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் இப்போது பதவியில் இருக்கும் நீதிபதிகள் ஒன்பது பேர். அவர்கள் பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள். வக்கீல்கள் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். செய்தித்தாள்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது தப்பாக அச்சடிக்கின்றன. சீட்டக்காவுக்கு அந்தப் பெயர்களில் பாதி வாயில் நுழையாது. ஆனால் ஒன்பது பேரின் முதுகும் முழங்காலும் அவளுக்கு அத்துப்படி.

அவர்கள் உட்காரும் நாற்காலிகளுக்கு மெத்தை தைப்பதும் தோல் மாற்றுவதும்தான் அவள் வேலை. இரண்டாம் நீதிபதிக்கு முதுகுவலி என்பதால் இடுப்புக்குக் கீழே ஒரு சின்ன திண்டு. ஐந்தாம் நீதிபதியான அம்மா குள்ளம். கால் தரையைத் தொடாது என்பதால் அவர் நாற்காலி தாழ்வு, அதற்கு ஒரு கால்பலகையும் உண்டு. ஆறாம் நீதிபதி வாசலில் குனிந்து வருகிற ஆள், அவர் நாற்காலி மற்றவற்றைவிட நாலு விரல் உயரம். மனதுக்குள் இவள் இவர்களைத் திண்டு ஐயா, கால்பலகை அம்மா, நெட்டை ஐயா என்றுதான் கூப்பிடுவாள். வெளியே சொல்லும் தைரியம் அவளுக்கு இல்லை, எனக்கும் இருந்திருக்காது.

இதற்கு முன்பு அவள் பஸ் பணிமனையில் சீட்டு தைத்தவள். சீட்டைக் கிழிக்கும் பயணிகளை ஒரு தையலுக்கு ஒரு வசவு என்று திட்டிக்கொண்டே தைத்தவள். பேரே அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பணிமனையை மூடிவிட்டார்கள். அங்கேயே கண்டக்டராக இருந்த கணவருக்கும் அதே நாளில் வேலை போனது. ஆறு மாதம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், நீதிமன்றத்தில் ஒரே ஒரு நாற்காலி தைக்க ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். போனாள், தைத்தாள். அன்றைய தலைமை நீதிபதி உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"இதைத் தைச்சவங்களை அனுப்பிடாதீங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. வேலையோடு, நீதிமன்றக் கட்டிடத்தின் பின்னால் இரண்டு அறைகளும் கிடைத்தன. ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் "அந்த மனுஷன் நல்லா இருக்கணும்" என்று சொல்லிக்கொள்வாள். அவர் ஓய்வு பெற்று எங்கேயோ தோட்டம் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்.

இனி அவள் வேலைக்கே ஆபத்து வந்த அந்த வாரத்துக்கு வருவோம். முதலில் அவர்கள் உட்காரும் முறையைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் தலைமை நீதிபதி. அவருக்கு அடுத்த மூத்தவர் வலப்பக்கம், மூன்றாமவர் இடப்பக்கம், நாலாமவர் வலம், ஐந்தாமவர் இடம். இப்படி மாறி மாறிப் போகும். அதனால் ஒருவர் ஓய்வு பெற்றால், அவருக்குக் கீழே இருக்கும் அத்தனை பேரும் ஒரு படி ஏறுவார்கள், கூடவே பக்கமும் மாறுவார்கள். நீதிபதி எங்கே போகிறாரோ அங்கே அவர் நாற்காலியும் போக வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை மூன்றாம் நீதிபதி ஓய்வு பெற்றார். சனிக்கிழமை காலை, கணவர் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு ஸ்டாப்பிங் பெயர் சொல்வதுபோல இடங்களை வாசிக்க, சீட்டக்கா ஆறு நாற்காலிகளை இடம் மாற்றினாள். புதிதாக வரும் நீதிபதிக்குக் கடைசியில் புது நாற்காலி போட்டாள்.

திங்கட்கிழமை பத்தரைக்குத் திரை விலகியது. நீதிபதிகள் வரிசையாக வந்தார்கள், மன்றமே எழுந்து நின்றது. சீட்டக்கா வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். இடப்பக்கம் போன நெட்டை ஐயா எதிரே கால்பலகை இருந்தது. வலப்பக்கம் போன கால்பலகை அம்மா எதிரே நெட்டை நாற்காலி நின்றது. உட்கார்ந்தால் நாட்டின் உயர்ந்த நீதிபதி ஒருவரின் கால் இரண்டும் அந்தரத்தில் ஆடும். அந்த அம்மா ஒரு விநாடி யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே தலைமை நீதிபதிக்குப் பின்னால் நடந்து வந்து, நெட்டை ஐயாவின் தோளைத் தொட்டு எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். இருவரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். மூத்தவர் இருக்க வேண்டிய இடத்தில் இளையவர் உட்கார்ந்தாயிற்று.

மன்றத்தில் இதைப் பார்க்காத வக்கீல் ஒருவர்கூட இல்லை. மத்தியானத்துக்குள் வதந்திக்குக் கை கால் முளைத்துவிட்டது. "நீதிபதிகளுக்குள் பனிப்போரா?" என்று மாலைப் பத்திரிகை கேள்விக்குறி போட்டுக் கேட்டது. நாலு மணிக்குப் பதிவாளர் கூப்பிட்டனுப்பினார். சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் விசாரணை வைக்கிற மனிதர் அவர்.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள எழுத்துல விளக்கம் வேணும். சரியான காரணம் இல்லேன்னா வெள்ளிக்கிழமையோட கிளம்பிடுங்க. ரூம் சாவியும் எங்கிட்ட வரணும்."

சீட்டக்கா வீட்டுக்கு வந்ததும் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. இனி அது தன்னுடையது இல்லை என்று பழகிக்கொள்ளப் பார்த்தாள்போல.

"நான் சரியாத்தானே வாசிச்சேன்?" என்றார் கணவர்.

"நீங்க சரியாத்தாங்க வாசிச்சீங்க. என் கைதான் கேக்கல."

அப்போதுதான் மெதுவாக அதைச் சொன்னாள். நெட்டை ஐயா நாற்காலியின் இடது கைத்தோல் மட்டும் இரண்டு வருஷமாகத் தேய்ந்து தேய்ந்து போகிறது. இரண்டு முறை மாற்றியாயிற்று. வலது கை வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளப்பு. மனிதர் எப்போதும் இடப்பக்கமே சாய்ந்து கேட்கிறார். வலப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. "வலது காது போயிடுச்சுங்க அவருக்கு. இவ்வளவு நாள் வலப்பக்கம் உக்காந்ததால நல்ல காது மத்தவங்க பக்கம் இருந்துச்சு. இப்ப இடப்பக்கம் போனா செத்த காதுதானே எல்லாரையும் பாக்கும்? அதை நினைச்சுக்கிட்டே தள்ளினேன்போல. நாற்காலி பழைய பக்கமே போயிடுச்சு."

"அப்ப இதையே எழுதிடு. பொய்யா என்ன?"

"எழுதினா அந்தத் தாள் பத்து மேசை ஏறி இறங்கும்ங்க. காது கேக்காத ஜட்ஜுன்னு நாளைக்கு அதையும் பேப்பர்ல போடுவான்."

கணவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் மனிதர்களைப் பார்த்தவர்.

"டிக்கெட் இல்லாம வந்தவங்களை எத்தனையோ தடவை சத்தம் போடாம இறக்கி விட்டிருக்கேன். மானம் போனா திரும்ப வராதுல்ல. நீ எழுதாதே. ரூம்தானே, பாத்துக்கலாம்."

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதர் தனக்கு வாய்த்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், அவருக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரே வரி எழுதிக் கொடுத்தாள். "என் கவனக்குறைவால் நாற்காலிகள் இடம் மாறிவிட்டன, மன்னிக்கவும்."

"இவ்வளவுதானா?" என்றார் பதிவாளர். "பதினோரு வருஷமா வராத கவனக்குறைவு இப்ப மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

"வயசாகுதுங்க" என்றாள். ஐம்பத்து மூன்று வயதில் அவள் இதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

நாற்காலிகளைப் பட்டியல்படி சரியாகப் போட்டாள். அன்று நெட்டை ஐயா இடப்பக்கம் உட்கார்ந்தார். திரைக்குப் பின்னாலிருந்து பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் உடம்பையே முறுக்கித் திரும்பினார், காதுக்குப் பின்னால் கை வைத்தார். ஒரு வக்கீலை மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். தலைமை நீதிபதி ஏதோ கிசுகிசுத்தார், அதற்கு அவர் அசையவே இல்லை.

மன்றம் கலைந்த பிறகு சீட்டக்கா மெத்தைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். நெட்டை ஐயா தனியாகத் திரும்பி வந்தார். உட்காரும் வரிசை பற்றிய காகிதம் என்பதால் அவளுடைய விளக்கம் ஒன்பது பேர் மேசைக்கும் போயிருந்தது. அது அவர் கையில் இருந்தது.

"இந்த நாற்காலியோட இடது கையை எத்தனை தடவை மாத்தியிருக்கீங்கம்மா?"

"ரெண்டு தடவைங்க ஐயா."

"வலது கையை?"

"மாத்த வேண்டி வரலைங்க."

அவர் நாற்காலியின் தோலைத் தடவிப் பார்த்தார். "அப்ப உங்களுக்குத் தெரியும்."

"நாற்காலியைப் பத்தித்தாங்க எனக்குத் தெரியும்."

"இதை ஏன் எழுதல? எழுதியிருந்தா உங்க வேலைக்கு ஒண்ணும் வந்திருக்காதே."

"அது உங்க காதுங்க ஐயா. அதை நான் எப்படி எழுதறது?"

அத்தனை உயரமான மனிதர் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வருஷமா வீட்டுல மட்டும்தான் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். வெளிய தெரிஞ்சா வேலைக்கு லாயக்கில்லேன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். தினமும் வீட்டுக்குப் போய், மன்றத்துல பேசினதை எல்லாம் எழுத்துல ஒரு வரி விடாம படிப்பேன். நீங்க வேலையே போனாலும் வாயைத் திறக்கல. நான் பதவிக்குப் பயந்து திறக்கல." எழுந்து நின்று கைகூப்பினார். "ரொம்ப நன்றிம்மா." கையில் இருந்த தூசித் துணியோடு அவளும் கும்பிட்டாள்.

புதன்கிழமை மன்றம் கூடியதும் நெட்டை ஐயா மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "என் வலது காது கேட்காது. இரண்டு வருடங்களாக இப்படித்தான். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தவறு. அதனால் தன் வழக்குக்குக் குறை நேர்ந்தது என்று யாராவது நினைத்தால் மனுப் போடலாம், நான் அதில் உட்காரமாட்டேன்" என்றார். அப்போது கால்பலகை அம்மா தன் பங்குக்கு, "வலப்பக்க இடத்தை இவருக்கே கொடுத்துவிடுகிறேன். கால்பலகை இருந்தால் எனக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்" என்றார். மன்றம் சிரித்தது. திரைக்குப் பின்னால் சீட்டக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் பதிவாளரே பின்பக்கத்து வீட்டுக்கு வந்து ஒரு உறையைக் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போனார். உள்ளே அவள் எழுதிய அதே தாள். அதன் கீழே யாரோ எழுதியிருந்த முதல் வரியை மட்டும் படித்தாள். "விளக்கம் ஏற்கப்படவில்லை."

"போச்சுங்க" என்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

கணவர் தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டினார். "அவசரப்படாதே, கீழே இன்னும் இருக்கு" என்று வாசித்தார். "கவனக்குறைவு எதுவும் நடந்ததாக நாங்கள் கருதவில்லை. இந்த மன்றத்தில் இவ்வளவு கவனத்தோடு வேலை பார்ப்பவரை நாங்கள் கண்டதில்லை. அவருக்கு எங்கள் நன்றி."

அதற்கும் கீழே ஒன்பது கையெழுத்துகள், பக்கத்தில் பெயர்கள். திங்கட்கிழமைதான் வந்து சேர்ந்த புது நீதிபதிகூடக் கடைசியில் போட்டிருந்தார். சீட்டக்கா தாளைத் திரும்ப வாங்கி, அந்தப் பெயர்களை மேலிருந்து கீழே, எழுத்துக் கூட்டி, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். தப்பாகச் சொன்ன இடத்தில் கணவர் திருத்தினார். ஒன்பதாவது பெயரைச் சரியாகச் சொல்லி முடித்ததும் எழுந்துபோய்ச் சாவியை ஆணியில் மாட்டினாள்.