ட்ரெனாரிலிருந்து திரும்பி வந்தவர்கள்

யரிண்டா ஊரில் யாராவது செத்துப்போனால் அவர்களுடைய துணிமணிகளை உள்ளூர்ப் பழந்துணிக் கடையில் கொடுக்க மாட்டார்கள். மூட்டை கட்டி வண்டியில் போட்டுக்கொண்டு, கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் ஓட்டிப் போய், ட்ரெனார் ஊர்க் கடையில் தள்ளிவிட்டு வருவார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. போன வாரம் புதைத்த புருஷனின் சட்டை இந்த வாரம் ரொட்டிக் கடை வரிசையில் நமக்கு முன்னால் வந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

நோரீனும் அதைத்தான் செய்தாள். செய்த வேகம்தான் ஊர் வாயில் விழுந்தது. அவள் புருஷன் மெர்வ் நெஞ்சு அடைப்புக்கு வைத்தியம் பார்க்க அடிலெய்ட் நகரத்துக்குப் போயிருந்தான். ஆடுகள் குட்டி போடும் சமயம் என்பதால் அவள் கூடப் போகவில்லை. "வெள்ளிக்கிழமை வந்துடுவேன். தொடைக்கறி ரோஸ்ட் போட்டு வை" என்று போனில் சொன்னான். வியாழக்கிழமையே போய்விட்டான். வாங்கி வைத்திருந்த தொடைக்கறியை அவள் நாய்க்குப் போட்டாள். அடக்கம் முடிந்த வாரமே அவன் உடுப்புகள் குப்பைப் பையில் ஏறி ட்ரெனார் போய்ச் சேர்ந்தன. கல்லறையில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பள்ளிக்கூடப் பஸ்ஸைப் பாதி ஆயுசு ஓட்டியவள், பின்சீட்டுச் சேட்டையைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்குகிறவள். கல் நெஞ்சுக்காரி என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குப் பேர் வைக்கத் தெரியும், வேறென்ன தெரியும்?

அவளுக்கு இருந்தது கோபம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவன் மேல் இருந்த கோபம். அது தொண்டையில் உட்கார்ந்துகொண்டு அழுகைக்கு வழிவிடவில்லை. அதற்குப் பிறகு அவள் வீட்டு அடுப்பில் ரோஸ்ட் ஏறவே இல்லை.

சில வருஷம் கழித்து டீகன் வந்தாள். நகரத்துப் பெண், மூக்கில் வளையம், ஒரு கேமரா, அதைத் தூக்க ஒரு ஆள். ஜோம்பிப் படம் எடுக்கப் போகிறாளாம். செத்தவர்கள் எழுந்து ஒரு ஊருக்குள் நிஜமாகவே நடந்து வந்ததை டிவிக்காரர்கள் செய்திப் படமாக எடுத்தால் எப்படி இருக்குமோ, அந்த மாதிரி. நடிப்பதற்கு ஊர் ஜனம், கூலிக்குப் பீரும் சாஸேஜும். மழை பொய்த்த வருஷம், வயலில் வேலையில்லை. ஊரே பேர் கொடுத்தது.

நோரீனுக்குக் கிடைத்த வேடம் நோரீன்தான். கடைசிக் காட்சியில் நடைப்பிணங்கள் தெருவில் வரும்போது அவள் வாசலில் நிற்க வேண்டும். ஒன்று அவள் படியேறும். அதன் முகத்தில் அறைகிற மாதிரி அவள் கதவைச் சாத்த வேண்டும். அவளைப் பார்த்துத் தெருவில் எல்லா வீட்டுக் கதவுகளும் படார் படார் என்று சாத்திக்கொள்ள, கேமரா வெளியே தனியாக மாட்டிக்கொள்ளும். அதோடு படம் முடிந்தது.

முதல் நாள் அவள் சமையலறையில் பேட்டி எடுத்தார்கள்.

"அவங்களை முதல்ல எப்பப் பாத்தீங்க?" என்று டீகன் கேட்டாள்.

"காலைல. நாய்க்குச் சோறு வைக்கறப்போ."

"பயமா இல்லையா?"

"தெரியாதவங்க வந்தாத்தானே பயம்."

டீகன் குதித்தாள். "இதுதான் வேணும்! மூஞ்சில ஒண்ணுமே காட்டாம சொல்றீங்க பாருங்க!"

"என் மூஞ்சியே அப்படித்தான் கண்ணு."

மறுநாள் ஊர் மண்டபத்தில் டீகன் நீள மேஜைகள் போட்டுத் துணிகளைக் குவித்திருந்தாள். "எல்லாம் சல்லிசாக் கிடைச்சுது. பண்ணைக்காரங்க போட்டுத் தேய்ஞ்சது, அழுக்குகூடப் பூச வேண்டாம். ட்ரெனார்ல ஒரு கடை இருக்கு, உங்களுக்குத் தெரியுமா?"

தெரியுமா என்று கேட்டாள். 

அடுத்த வீட்டு க்ளெண்டா தன் அப்பாவின் தொப்பியைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். பூச்செடிப் பைத்தியமான நோஸ்கே கிழவியின் ஊதா கம்பளிக் கார்டிகன் கிடந்தது. செத்துப்போன தபால்காரரின் கோட்டு, பாட்டில் வைத்துத் தொங்கிப்போன அதே பையோடு கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பச்சை ஸ்வெட்டர். நோரீன் பின்னியது. இடது கையில் முழங்கைக்குக் கீழே வேறு பச்சை. நூல் தீர்ந்துபோக, கிடைத்த நூலில் முடித்திருந்தாள். மெர்வ் அதைத்தான் கல்யாணத்துக்குக்கூடப் போட்டுக்கொண்டு போவான்.

யாரும் டீகனிடம் வாய் திறக்கவில்லை. நடைப்பிண வேடக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய் ஆளுக்கொன்று எடுத்தார்கள். தன் வீட்டுத் துணியை ஒருவரும் தொடவில்லை, அடுத்த வீட்டுடையதை எடுத்தார்கள். பப் நடத்தும் டாரில் மட்டும் நோரீன் பக்கத்தில் வந்து நின்றான்.

"நோரீன், வேணும்னா அதை எடுத்து வச்சிடட்டுமா?"

"எதை?"

"ஒண்ணுமில்ல, விடு."

அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். சாத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஒரு ஸ்வெட்டர், ஒரு கதவு. அதற்கு மேல் என்ன?

மத்தியானம் வடகாற்று எழுந்தது. செம்மண் தூசி வானம் வரைக்கும் ஏறி, சூரியன் செப்புக் காசு போலத் தொங்கியது. டீகனுக்கு வாயெல்லாம் பல். நோரீன் வலைக்கதவுக்குப் பின்னால் நின்றாள். தூசிக்குள்ளிருந்து அவர்கள் வந்தார்கள். முகத்தில் மாவும் கரியும் அப்பியிருந்ததால் ஆள் அடையாளம் இல்லை. துணிதான் அடையாளம்.

கையை நீட்டி உறுமச் சொல்லியிருந்தாள் டீகன். ஒருவரும் உறுமவில்லை. ஊதா கார்டிகன் வேலியோரம் நின்று, காய்ந்த ரோஜாக்களைக் கிள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டது. கோட்டு ஒவ்வொரு வீட்டுத் தபால் பெட்டியையும் தட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தது. தொப்பி க்ளெண்டா வீட்டு முன்னால் நின்று, மழை வருமா என்று மேற்கே பார்த்தது. காற்றைத் தவிர ஒரு சத்தமில்லை. ஊர் நாய்கள் எல்லாம் வீட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. 

பச்சை ஸ்வெட்டர் நேராக அவள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தது. படியோரம் இருந்த இரும்புப் பட்டையில் பூட்ஸைத் தேய்த்தது. முதலில் இடது, அப்புறம் வலது, மறுபடி இடது, மெர்வ் தேய்க்கிற அதே வரிசை. படியேறி நின்றது. வேறு பச்சைக் கை தொங்கிக்கொண்டிருந்தது.

"கதவு! இப்ப கதவு!" என்று டீகன் தூசிக்குள்ளிருந்து கத்தினாள்.

நோரீனின் கை கதவின் மேல்தான் இருந்தது. தள்ளினால் போதும். தொண்டையில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது அசைந்தது.

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னியே," என்றாள்.

அது தலையைக் குனிந்துகொண்டது.

அவள் வலைக்கதவை விரியத் திறந்தாள். "உள்ள வா. ஈ வருது."

அது வந்து மேஜையோரம், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. அவள் டீக்குத் தண்ணீர் வைத்தாள். கெட்டில் கொதிப்பதற்குள் அழுதுவிட்டாள். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, சத்தம் போட்டு அழுதாள். அது டீயைக் குடித்தது. எழுந்து அவள் தோளில் ஒரு தரம் கை வைத்தது. பின்வாசல் வழியாகத் தூசிக்குள் போயிற்று.

முன்வாசலில் டீகன் அழாத குறை. "ஒரு வீட்டுலகூட சாத்தலை! உங்களைப் பாத்து எல்லாரும் திறந்துட்டாங்க! க்ளெண்டா அந்தத் தொப்பிக்காரருக்கு கேக் வெட்டிக் குடுக்கறாங்க! என் படமே போச்சு!"

"நீ வேணா சாத்திக்கோ கண்ணு," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள் நோரீன். "எங்களால ஆகாது."

படம் அப்படியே வெளிவந்தது. கதவுகள் திறக்கிற அந்த இடத்தில்தான் நகரத்துக்காரர்கள் அரண்டுபோனார்களாம். ஏன் என்று யரிண்டாவில் யாருக்கும் புரியவில்லை.

ஸ்வெட்டரை யார் போட்டிருந்தார் என்று இன்றுவரை வெளியே வரவில்லை. ஒருவன் புது டயர் வாங்கினால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடுகிற இடம் இது. நோரீன் டாரிலை மடக்கினாள். "நானா? படத்துல என்னைத்தான் பப் வாசல்லயே சுட்டுட்டாங்களே, கடைசிவரைக்கும் அங்கதான் கிடந்தேன்" என்றான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில், ஸ்வெட்டர் மடித்த மடிப்பாக அவள் படியில் இருந்தது. ட்ரெனாருக்குக் கொண்டுபோகவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஆட்டுத்தொடை வாங்கி ரோஸ்ட் வைத்தாள். இரண்டு தட்டு எடுத்தாள்.  ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டாள்.