பின்னட்டையில் விடுபட்ட பெயர்கள்

எங்கள் விளையாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பசை காய்ந்து மூலை தூக்கிக்கொண்டதில் அடியிலுள்ள இரண்டு சொற்கள் தெரிகின்றன: ‘மற்றும் பலர்.’

அச்சடித்தவர் என் அத்தை மகன்; மாமா என்றுதான் கூப்பிடுவேன். கடலூரில் கல்யாணப் பத்திரிகை அச்சகம் வைத்திருந்தார். நான் சிதம்பரத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைகளில் இருவரும் சேர்ந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி ஆடும் விளையாட்டு ஒன்றை உருவாக்கினோம். கதை எங்களுடையது: வெள்ளாறு, பேசும் முதலைகள், புவனகிரிப் பக்கம் கரையேறும் திருடர்கள். பகடை விதிகள் மட்டும் பிரவுசிங் சென்டரில் கண்டெடுத்தவை. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்ற உரிமத்தோடு முகம் தெரியாத யாரோ வெளியிட்டிருந்தார்கள். என்னால் நம்ப முடியவில்லை. எங்கோ ஒரு கொக்கி இருக்கும் என்று வரிவரியாகத் தேடினேன். செய்யலாம், செய்யக்கூடாது, செய்தே ஆகவேண்டும் என்று பிரித்து எழுதிப் பார்த்தேன். கடைசி வகையில் கொஞ்சம்தான் இருந்தது. எது எடுத்தது, எது நம்முடையது என்று சொல்ல வேண்டும். உரிமத்தை முழுசாக அச்சிட வேண்டும். அதன் முடிவிலுள்ள பெயர்களில் ஒன்றையும் விடாமல், அடியில் நம் பெயரைச் சேர்க்க வேண்டும்.

புத்தகத்தை வெளியிடவிருந்த கல்லூரி விழாவுக்கு முந்தின நாள் காலை அச்சகத்துக்குப் போய்ப் புத்தகக் கட்டைப் பிரித்தேன். பின்னட்டையில் முதல் சில பெயர்கள், பிறகு ‘மற்றும் பலர்’. பத்திரிகையில் சொந்தக்காரர்கள் அடங்காதபோது செய்வதையே இங்கும் செய்திருந்தார்.

“எடம் பத்தல புள்ள. எங்கியோ இருக்கறவன், பேரு இல்லன்னு பந்தியில வந்தா கோச்சிக்கப் போறான்?” என்று சிரித்தார்.

“பேர விட்டா அந்த விதிய நாம தொடவே முடியாது மாமா. இத ஒருத்தருக்கும் குடுக்க முடியாது.”

சிரிப்பு நின்றது. முழுப் பட்டியலையும் கேட்டு வாங்கி, பத்திரிகைக்குப் பிழை பார்ப்பது போல் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். நிபந்தனை என்று மட்டுமே நான் கடந்துபோன இடம் அது. ஒருவர் செய்ததை இன்னொருவர் எடுத்திருக்கிறார், அவரிடமிருந்து வேறொருவர். ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

“ஒருத்தன்கூட மேல இருக்கறவன் பேர எடுக்கலியே” என்றார் மெதுவாக.

எல்லாப் பெயர்களையும் பொடி எழுத்தில் கோத்துத் தனித்தாள் அடித்தார். ஒவ்வொரு புத்தகத்திலும் உட்கார்ந்து ஒட்டினோம். அச்சடிக்கும் முன் ஒன்று கேட்டார்: “நம்ம முதலையையும் தொறந்து வுட்டுடலாமா?” எங்களுடையவை என்று சொல்லும் இடத்தில் முதலைகளை நான் ‘யாரும் எடுக்கக்கூடாதவை’யில் எழுதியிருந்தேன். அந்த வரியை எடுத்துவிட்டுத்தான் தாள் அச்சேறியது.

விழா முடிந்ததும் புத்தகத்தை இணையத்திலும் போட்டோம். வருடங்கள் கழித்து, போன வாரம் அங்கே ஒரு புது விளையாட்டைத் திறந்தேன். ஏதோ ஒரு குளிர்நாட்டு ஏரியில் எங்கள் முதலைகள் பேசிக்கொண்டிருந்தன. கடைசிப் பக்கத்தில் எங்கள் இருவர் பெயர், அதன் கீழே மூன்று புதுப் பெயர்கள். மாமாவுக்கு அனுப்பினேன். கூப்பிட்டார்.

“நம்ம கீழ இருக்காங்களே, இவுங்க மூணு பேரும் யாரு புள்ள?”

“தெரியல மாமா.”

எங்கள் புத்தகத்தின் பின்னட்டையில் தூக்கிக்கொண்டிருந்த மூலையை விரலால் அழுத்திப் பிடித்தபடி இருந்தேன்.