கற்பு என்று நான் சொன்ன சொல்

ஒரு பெண்ணுக்குப் போய்ச்சேர வேண்டிய மன்னிப்பை நடுவில் நின்று மறித்தவள் நான். இதைக் கணவரிடம் சொன்னதில்லை, பாஸ்டரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது என்பதால்தான்.

கோலசிலாங்கூரில் எங்கள் சபை சிறியது. கடைவீட்டின் மேல்மாடி, ஐம்பது நாற்காலி. ஆங்கிலத்தில் பிரசங்கிக்க யாராவது வந்தால் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது என் ஊழியம். ரவாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள், ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு என்று சபையில் எனக்கொரு பேர்.

மூன்று வருடத்துக்கு முன் புக்கிட் பெலிம்பிங்கில் வாலிபர் முகாம் நடந்தது. கோலாலம்பூரிலிருந்து ஒரு சீனப் பாஸ்டர் வந்திருந்தார். பரிசுத்தத்தைப் பற்றி, சரீரத்தைக் காத்துக்கொள்வதைப் பற்றிப் பேசினார். நல்ல மனிதர், யாரையும் அதட்டவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே சொன்னார்.

அவர் ‘பியூரிட்டி’ என்றார். நான் ‘கற்பு’ என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பரிசுத்தம் என்ற சொல் இருக்கிறது, தூய்மை என்ற சொல் இருக்கிறது. ஞாயிறுதோறும் வாயில் புரளுகிற சொற்கள்தானே. கற்பு என்றதுமே பையன்கள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்கள், இது நமக்கில்லை என்பதுபோல. பெண்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதைப் பார்த்தும் நான் சொல்லை மாற்றவில்லை.

முடிக்கும்போது அவர் சொன்னார்: பியூரிட்டியை இழந்தவர்களுக்குக் கர்த்தர் அதைத் திரும்பத் தருகிறார், இன்றைக்கே, முழுதாக.

மைக்கை வாயருகே கொண்டுபோனேன். இழந்த கற்பைத் திரும்பத் தருகிறார்... இதை எப்படித் தமிழில் சொல்வது? யாராவது சிரித்துவிட்டால்? “ஆகையால் பிள்ளைகளே, ஜாக்கிரதையாயிருங்கள்” என்று சொல்லி முடித்துவிட்டேன். தமிழ் தெரியாத பாஸ்டர் என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

சொல் கிடைக்காமல் தடுமாறினாள், அவ்வளவுதான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். ஆனால்... கல்யாணத்துக்கு முன் எனக்கு ஒருவனோடு பழக்கம் இருந்தது. என்ன பழக்கம் என்று உங்களுக்கே புரியும். அந்த ஒரு வாக்கியத்துக்காக நானே வருடக்கணக்காய் ஏங்கியிருக்கிறேன். அதைச் சொன்னால் குரல் உடைந்து என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேனா? எனக்குக் கிடைக்காதது இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாய் என்ற வயிற்றெரிச்சலா? இன்றுவரை தெரியவில்லை.

சாப்பாட்டு வரிசையில் ஷாமினி என் பின்னால் வந்து நின்றாள். பக்கத்து எஸ்டேட் பிள்ளை, பத்தொன்பது வயது. வீட்டில் எல்லாரும் சாமி கும்பிடுகிறவர்கள், இவள் மட்டும் எட்டு மாதமாகச் சபைக்கு வந்துகொண்டிருந்தாள். ஆங்கிலம் அவ்வளவாக வராது. லோரி ஓட்டுகிற ஒருவனை நம்பிப் போய், அவன் கைநீட்டுகிறான் என்று விட்டுவிட்டு வந்தவள். இதை ஏற்கனவே என்னிடம் அழுது சொல்லியிருந்தாள்.

“அக்கா, அப்ப போனா போனதுதானா?” தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். பாஸ்டர் சொன்னது வேறம்மா, நான்தான் விட்டுவிட்டேன் என்று ஒரே வரி. பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். “சாப்பிடு லா, அப்புறம் பேசுவோம்” என்றேன். அப்புறம் பேசவில்லை.

ஞானஸ்நானத்துக்குப் பேர் கொடுத்திருந்தவள் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் அடிப்போம், போன் அடிப்போம் என்றே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டேன்.

போன மாதம் ராசா டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை. அவளாகவே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில், முழங்கைக்கு மேலே, கன்றிய அடையாளம் ஒன்று மஞ்சளாகத் தெரிந்தது. அந்த லோரிக்காரனையே கட்டிக்கொண்டாளாம்.

“அன்னிக்கு முகாம்ல நீங்க சொன்னதத்தான் யோசிச்சுப் பாத்தேன் அக்கா. அவனையே கட்டிக்கிட்டா பாவம் இல்லல்ல? இனிமே வேற எவன் வருவான்? நல்லவேளை, நேரத்துல சொன்னீங்க.”

எனக்கு நன்றி சொல்கிறாள்!

இப்போது உண்மையைச் சொல்வதா? சொன்னால், இந்த மூன்று வருடமும் அவள் வீணாகக் கஷ்டப்பட்டாள் என்றாகும். சொல்லாவிட்டால், இன்னும் படுவாள். இதில் எது பெரிய பாவம் என்று வேதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

“பிள்ளைக்கு ஒரு ஜெபம் பண்ணுங்க அக்கா” என்றாள். “பொம்பளப் பிள்ளை. என்னை மாதிரி ஆயிடாம வளரணும்.”

குழந்தையின் தலையில் கைவைத்துக் கண்ணை மூடினேன். “கர்த்தாவே, இந்தக் குழந்தையைக் காத்துக்கொள்ளும்” என்று என் வாய் தங்குதடையில்லாமல் ஜெபித்தது. தாயைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. நான் முடிப்பதற்குள் அவளே ஆமென் சொன்னாள்.