மனேச்சரை நீக்கிய கடிதத்தோடு முப்பத்தேழு மைல்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியைப் பற்றி எழுதும்படி வாசகர் இருவர் கேட்டிருந்தார்கள். அந்த வீதியில் பல தடவை போயிருக்கிறேன். ஆனால் நேரம் குறித்துக்கொண்டு ஒழுங்காகப் போனது ஒரே தடவைதான்: அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆனி மாதச் சனிக்கிழமை, உழவு இயந்திரத்தின் பெட்டியில். அந்தக் குறிப்புப் புத்தகம் இப்போது என்னிடம் இல்லை. எழுதும்போது பாதை மாறிப் போகும் வழக்கம் எனக்கு உண்டு என்பதால், சொல்லப் போவதை முதலிலேயே இலக்கமிட்டு வைக்கிறேன்.

1. ஏன் போனோம்.
2. உருத்திரபுரத்திலிருந்து முல்லைத்தீவு: தூரம், நேரம், செலவு.
3. மனேச்சரை நீக்கியதும் ஆதரவாளர்கள் என்ன செய்தார்கள்.
4. நீக்குவதற்கு உயர்ந்த நாலாவது கை என்னுடையது என்பதும், அது பெட்டியில் இருந்த ஒருவருக்கும் தெரியாது என்பதும்.
5. மத்தியானச் சாப்பாடு.
6. இப்போது போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. உருத்திரபுரத்தில் உதவி ஆசிரியர். கையெழுத்து நன்றாக இருந்ததால் அங்கிருந்த உதைபந்தாட்டக் கழகத்துக்குச் செயலாளரும் ஆக்கினார்கள். பந்தை நான் தொட்டதில்லை. எங்கள் மனேச்சர் இஸ்மாயில் நானா முல்லைத்தீவு முஸ்லிம். நானா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்தார். இளமையில் கொழும்பில் விளையாடியவர். அணியைத் தெரிவு செய்வது, பயிற்சி கொடுப்பது, கால் சுளுக்கினால் எண்ணெய் போட்டு உருவுவது எல்லாம் அவர்தான். சம்பளம் கிடையாது.

அந்தப் பருவத்தின் மூன்றாவது ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. இடைவேளையில் இரண்டுக்குப் பூச்சியம் என்று முன்னால் நின்றோம். அப்போது வாய்க்கால் பக்கமிருந்து ஆள் வந்து, தண்ணீர் முறை மாறிவிட்டது, இன்றைக்கே வருகிறது என்று சொன்னார். கோடைப் பயிரான சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். உன் முறையில் நீ வரம்பில் நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். பயிரோ கதிர் வெளிவரும் முன் குடலைப் பருவத்தில் நின்றது. முறை வந்தது எங்கள் அணித்தலைவருக்கும் அவருடைய தம்பிக்கும். எங்களுடைய சிறந்த ஆட்டக்காரர்கள் அவர்கள் இருவரும்தான். நானா ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

"போங்கோ ரெண்டு பேரும். பந்து அடுத்த கிழமையும் உருளும். போன தண்ணி வராது."

மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் அப்போது இல்லை. ஒன்பது பேரோடு விளையாடி இரண்டுக்கு மூன்று என்று தோற்றோம். ஆதரவாளர்கள் கொதித்துப் போனார்கள். எல்லாருக்கும் மேலாகச் சத்தம் போட்டவர் சின்னத்துரை அண்ணை. அரை மைல் தூரத்தில் நிற்கும் மாட்டையும் பெயர் சொல்லித் திருப்பக்கூடிய குரல் அவருக்கு. சால்வையைக் கழற்றி மைதானத்துக்குள் எறிந்து, மனேச்சரை மாற்று என்று அவர் கத்த, முழுக்கூட்டமும் சேர்ந்து கத்தியது.

வியாழன் மாலை செயற்குழு கூடியது. ஏழு பேர். நீக்க வேண்டும் என்று மூன்று கைகள் உயர்ந்தன. தலைவர் என்னைப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். என் கை உயர்ந்தது. அதற்கு மேலான காரணம் ஒன்றை இத்தனை வருடங்களாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. பிறகு கடிதத்தை எழுதியதும் நான்தான். சனிக்கிழமை முல்லைத்தீவில் ஆட்டம். நானா ஏற்கெனவே ஊருக்குப் போயிருந்தார். ஆட்டத்துக்கு முன் கடிதத்தை அவர் கையில் கொடுப்பதும் செயலாளரின் கடமை என்றார்கள். தலைவருக்கு அன்று ஒரு கலியாண வீடு இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிய முன்னமே செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நான் எதிர்பார்த்தது ஆதரவாளர்களின் சந்தோசத்தை. கண்டது வேறு. கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் சின்னத்துரை அண்ணை நின்று செயற்குழுவைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"நாங்கள் கத்தினது கோவத்தில. உவை அதைக் கேட்டு நடக்கிறதே?"

இன்னொரு சங்கடமும் இருந்தது. முல்லைத்தீவுக்கு வரும் எல்லாருக்கும் தன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு என்று நானா முந்தின மாதமே சொல்லி வைத்திருந்தார். நீக்கிய மனிதரின் வீட்டில் போய் எப்படிச் சாப்பிடுவது? சாப்பிடாமல் விட்டால் அவரை எந்த முகத்தோடு பார்ப்பது?

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் இருந்து புறப்பட்டோம். டீசலுக்கு ஆளுக்கு ஒரு ரூபா. பெட்டியில் என்னை விட்டு, ஆட்டக்காரரோடு சேர்த்து இருபத்தெட்டுப் பேர். முப்பது பேர் வந்திருக்க வேண்டும். மற்ற இருவரும் அன்றைக்கு அணித்தலைவரின் வயலில் தண்ணீர் கட்ட நின்றுவிட்டார்கள். முறை மறுபடியும் அந்த நாளில்தான் விழுந்திருந்தது. ஆட்டம் பார்க்கும் ஆசையை விட்டுக்கொடுத்து அவர்கள் வரம்பில் நின்றதால்தான் எங்களுக்குப் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நான் நன்றி சொன்னதாக நினைவில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

உழவு இயந்திரத்தை ஓட்டியவன் தவம். வயது இருபது. நான் ஏறியதும் மூலையில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். குலுக்கல் தெரியாமல் இருக்க வைக்கோல் நிரப்பிய சாக்கு ஒன்றை எனக்குப் போட்டார்கள். வேறு ஒருவருக்கும் சாக்கு இல்லை. ஆசிரியர் என்பதால் என்று நினைத்துக்கொண்டேன்.

கரடிப்போக்குச் சந்தி மூன்று மைல். அங்கிருந்து பரந்தன் இரண்டு மைல். பரந்தனில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவுவரை முப்பத்திரண்டு மைல். மொத்தம் முப்பத்தேழு. ஒரு மைல் கூடக்குறைய இருக்கலாம், மைற்கற்களை எண்ணியது நான்தான். தருமபுரத்தை ஆறே முக்காலுக்குத் தாண்டினோம். விசுவமடுவுக்கு அப்பால் இரண்டு பக்கமும் காடு. வழி முழுக்க ஒரே கதை: நாலாவது கை யாருடையது?

மூன்று பேரை எல்லாரும் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். நாலாவதற்குக் குழுவில் இருந்த ஒவ்வொருவரையும் பிடித்து வைத்துப் பார்த்தார்கள். பொருளாளராக இருக்கலாம் என்றார் ஒருவர். அந்த மனிதருக்குத் தோள் பிடிப்பு, கை காதுக்கு மேலே போகாது என்று இன்னொருவர் தள்ளுபடி செய்தார். என் பெயர் வரப்போகிறது என்று மைற்கற்களை எண்ணிக்கொண்டு இருந்தேன். சின்னத்துரை அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்டரை விடுங்கோ. அவற்ற கை கரும்பலகையில சோக்கட்டி பிடிக்க மட்டும்தான் உயரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சட்டைப் பைக்குள் கடிதம் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

புதுக்குடியிருப்பில் எட்டரைக்குத் தேநீர், பத்துச் சதம். வட்டுவாகலில் தண்ணீரைக் கடந்து, பத்து மணிக்கு முல்லைத்தீவு.

நானா தன் வீட்டுப் படலையில் நின்றார். அவருக்குச் செய்தி தெரியும் என்பது முகத்தைப் பார்த்ததும் விளங்கியது. பெட்டியில் இருந்த ஒருவரும் இறங்கவில்லை. வழி முழுக்கக் கதைத்த சின்னத்துரை அண்ணையும் சால்வையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். நானாவே கிட்ட வந்து பெட்டியின் கதவைத் திறந்துவிட்டார்.

"இறங்குங்கோ. ஆடு உங்களுக்காகத்தான் செத்தது. கழகத்துக்காக இல்லை."

சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு. அவர்கள் வழக்கப்படி சஹனில் போட்டார்கள். சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடும் பெரிய தட்டு. எங்களுக்கு இது சின்ன விசயம் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்துக்கு வந்தபோது எங்களுக்குக் காணி மாறியது, கோப்பை மாறவில்லை. யாருடைய வீட்டில் யார் தண்ணீர் குடிப்பது என்பது வாய்க்கால் முறையைவிடக் கண்டிப்பாக இருந்த காலம். மைதான ஓரத்தில் தோளில் தோள் இடிக்க நின்றவர்கள் ஒரே தட்டில் கைபோட்டதில்லை. நானோ அதற்கு முன் என் அண்ணனுடைய தட்டிலும் கை வைத்ததில்லை.

நானா பெயர் சொல்லி ஒவ்வொருவரையும் இருத்தினார். சைவக்காரருக்கு மரக்கறிச் சஹன் ஒன்று தனியாக இருந்தது. என்னைத் தன் சஹனில், தனக்கு நேர் எதிரே இருத்தினார். அணித்தலைவர், அவருடைய தம்பி, சின்னத்துரை அண்ணை, தவம் என்று ஆறு பேர். ஒரு பெரியவர் எங்கள் கைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். அப்போதுதான் பயந்து பயந்து பைக்குள் கை விட்டேன். பிந்தினால் எனக்குத் தைரியம் வராது என்று தெரியும். நானா தலையை ஆட்டினார்.

"கழுவின கையால கடிதாசி தொடக்கூடாது மாஸ்டர். சாப்பிட்டிட்டுத் தாங்கோ, வாங்கிறன்."

அவர் தன் பக்கத்து இறைச்சியைப் பிய்த்து என் பக்கத்துச் சோற்றில் வைத்தார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி, மாஸ்டருக்குச் சோறு காணுமோ, இன்னும் வேணுமோ என்று கேட்டனுப்பினார். காணும் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஓம், அவருக்கு இன்னும் போடுங்கோ" என்று சின்னத்துரை அண்ணை எனக்காகப் பதில் சொன்னார்.

சாப்பிட்டு முடிந்து கை துடைத்த பிறகு கடிதத்தை நீட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"எழுத்து நல்ல வடிவு," என்றார். மடித்துப் பையில் வைத்தார். "இனி ஆக்களைத் தெரிவு செய்யிறது என்ர வேலை இல்லை. சரி, ஆட்டம் பார்க்க வரலாம்தானே?"

நான் கடிதத்தின் வாசகங்களை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். தடை ஒன்றும் இல்லை. வரலாம் என்றேன்.

நாலு மணிக்கு ஆட்டம். அணியை அணித்தலைவர் தெரிவு செய்தார். நானா வந்து, மைதான ஓரத்தில் நின்ற எங்கள் பெட்டியில், சின்னத்துரை அண்ணைக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார். பிறகு நடந்ததை ஆதரவாளர்கள் திட்டமிட்டார்களா, தானாக நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நானா மெல்லிய குரலில், இடப்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்பார். சின்னத்துரை அண்ணை அதை மைதானம் முழுக்கக் கேட்கக் கத்துவார். அணித்தலைவரின் தம்பி இடப்பக்கம் ஓடுவான். நானா சொல்வது நாலு சொல் என்றால் அண்ணை ஐந்தாவதாகத் தன்னுடையதைச் சேர்ப்பார். "கடைசிச் சொல்லு நான் சொல்லேல்லை," என்று நானா மத்தியஸ்தரைப் பார்த்துக் கை காட்டினார்.

முல்லைத்தீவுக்காரர் இதைக் கண்டுகொண்டார்கள். "உங்களுக்கு மனேச்சர் வேண்டாமெண்டா எங்களுக்குத் தாங்கோவன்," என்று ஒருவர் கேட்டார்.

"இவர் மனேச்சர் இல்லை," என்றார் சின்னத்துரை அண்ணை. "எங்கட பெட்டியில வந்த ஆள்."

கடைசிப் பத்து நிமிடத்தில் தம்பி ஒரு கோல் போட, ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. சமநிலைக்கு அப்படிச் சந்தோசப்பட்ட கூட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அடுத்த செவ்வாய் செயற்குழு மறுபடியும் கூடியது. வெளியே பெட்டியோடு இருபத்துச் சொச்சம் பேர் நின்றார்கள். நீக்கியதைத் திரும்பப் பெற வேண்டும் என்று பிரேரித்தவுடன் முதலில் உயர்ந்த கை என்னுடையது. தலைவர் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கையை வைத்திருந்தேன். நானா பருவம் முடியும்வரை மனேச்சராக இருந்தார். கேடயம் ஒன்றும் கிடைக்கவில்லை.

இனிக் குறிப்புகள். இப்போது கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்குப் பேருந்து இருக்கிறது. ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் அடிக்கடி மாறுவதால் எழுதவில்லை, சில்லறை கொண்டுபோங்கள். காலை ஆறு மணிக்கு முன் புறப்பட்டால் வெயில் முகத்தில் அடிக்காது என்று எழுத வந்தேன். பிறகுதான் நினைத்தேன், கிழக்கே போகிறோம், அடிக்கும். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் போகிறவர்கள் வட்டுவாகல் அருகே, போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களுக்கு விளக்கு ஏற்ற வருவோருக்கு வழி விட்டுப் போங்கள். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறில் நானாவின் குடும்பமும் எல்லாவற்றையும் விட்டுப் புத்தளம் போக நேர்ந்தது. நானா அங்கேதான் காலமானார். மகன் ஒருவர் திரும்பி வந்து முல்லைத்தீவில் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் போனேன். சாப்பிடாமல் போக விடவில்லை.

இதுவரை எழுதியதை நேற்றுத் தவத்துக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவனுக்கும் எண்பது தாண்டிவிட்டது. மைற்கல் கணக்கைச் சரி என்றான். ஆட்டக் கணக்கையும் சரி என்றான். பிறகு, "நாலாவது பிழை, மாஸ்டர்," என்றான்.

எந்த நாலாவது என்று கேட்டேன்.

"இலக்கம் நாலு. எங்களுக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். நீங்கள் வர முன்னம் சின்னத்துரை அண்ணை எல்லாருக்கும் சொல்லிப்போட்டார், அந்தாள் பயந்த மனிசன், கடிதத்தையும் அவர்தான் காவிக்கொண்டு போக வேணும், ஒருத்தரும் அவரிட்டைக் கேக்கக்கூடாதெண்டு. சாக்கும் அண்ணை போட்டதுதான்."

நானாவுக்கும் தெரியுமோ என்று இழுத்தேன்.

"அவருக்குத் தெரியாமலே உங்களைத் தன்ர சஹனில இருத்தினவர்?"

ஆகவே மேலே நாலாம் இலக்கத்தின் பிற்பாதி பிழை. திருத்தலாம், திருத்தவில்லை. நான் அறுபது வருடம் அப்படி நம்பிக்கொண்டு இருப்பதற்காக இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து முப்பத்தேழு மைல் கதைத்து வந்திருக்கிறார்கள்.