போனது போகட்டும்

சுவிஸின் பாடன் நகரில் எங்கள் கட்டடத்தின் கீழ் வீட்டில் ஒரு யூதக் கிழவர் தனியே இருக்கிறார். கணவர் இறந்த பிறகு மேல் வீட்டில் நானும் தனிதான். படியில் கண்டால் ஜெர்மன் மொழியில் இரண்டு வார்த்தை கதைப்போம்.

போன மாரியில் ஒரு காலை, பஸ் பிடிக்கிற அவசரத்தில் என் கணவரின் கபில நிற மப்ளரைத் பஸ் தரிப்பிடத்து வாங்கிலேயே மறந்துவிட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் இல்லை. மகளுக்கு ஃபோன் பண்ணி அழுதேன்.

"போனது போகட்டும் அம்மா. அப்பான்ர மிச்ச உடுப்புகளையும் எடுத்து வையுங்கோ. சனிக்கிழமை வந்து பழைய உடுப்புச் சேர்க்கிற பெட்டியில போட்டுவிடுறன். அலுமாரியைத் திறந்து திறந்து அழுறியள்."

"ஓம்" என்றேன். மறுத்துக் கதைக்கத் தெம்பில்லை.

மறுநாள் படியடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது கிழவர் என்னவென்று கேட்டார். மப்ளர் என்றேன். மகள் சொன்ன 'போனது போகட்டும்' என்பதையும் அப்படியே ஜெர்மனில் மாற்றிச் சொன்னேன். மனிதர் திடுக்கிட்டுப் போனார்.

"அதில் ஏதாவது அடையாளம் உண்டா?"

எனக்குச் சுறுக்கென்றது. அகதி விசாரணையில்கூட என்னை இப்படிக் கேட்கவில்லை. ஒரு நுனி சிவப்பு நூலால் தைத்திருக்கும் என்றேன். வீட்டில் கபில நூல் இல்லாத நாளில் நான் தைத்தது. கணவர் கடைசிவரை அதைச் சொல்லியே என்னைக் கேலி பண்ணினார்.

கிழவர் உள்ளே போய் மப்ளரை எடுத்து வந்தார். தங்கள் யூதச் சட்டத்தில் மறந்த பொருள் வேறு, கைவிட்ட பொருள் வேறு என்றார். உரியவர் இனிக் கிடைக்காது என்று மனம் விட்ட பிறகு கண்டெடுத்தால், எடுத்தவரே வைத்துக்கொள்ளலாமாம்.

"நான் நேற்றுக் காலையிலேயே தரிப்பிடத்தில் எடுத்துவிட்டேன். அப்போது நீங்கள் மனம் விடவில்லை. ஆகவே இது உங்களுடையது."

கோப்பை உடைந்தாலும் நாங்கள் போனது போகட்டும் என்றுதான் சொல்வோம், அது வெறும் வாய்ப்பேச்சு என்று விளக்கினேன்.

"கவனம். எங்கள் சட்டம் வாய்ப்பேச்சையும் கேட்கும்" என்றார் சிரிக்காமல்.

சனிக்கிழமை மகள் பெரிய பைகளோடு வந்தாள்.

"எங்கை உடுப்புகள்?"

"அலுமாரிக்குள்ள."

"ஓம் எண்டு சொன்னீங்கள்தானே?"

"சொன்னனான். ஆனா நான் இன்னும் விடேல்லை, பிள்ளை."

அவள் கதிரையில் கிடந்த மப்ளரை எடுத்தாள். சிவப்புத் தையலைத் தடவிப் பார்த்தாள்.

"நானும் விடேல்லை அம்மா" என்றாள்.