மாதேஸின் குரலும் கெம்பியின் காலும்

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் இண்டூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே மாதேஸ் மாமா தெருவில் வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். ஆள் பிறகுதான் கண்ணில் படுவார். அவரோடு செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண் குதிரை வரும். அதன் பெயர் கெம்பி. கன்னடத்தில் சிவப்பி என்று அர்த்தம்.

"கல்லு ஐதெ மகளே. காலு எத்து. ஹாங்... சம ஐதெ. நடி, நடி."

கல் இருக்கிறது, காலைத் தூக்கு, இனிச் சமதரை, நட என்று சொல்லிக்கொண்டே வருவார். கெம்பி சொன்ன இடத்தில் காலைத் தூக்கும், சொன்ன இடத்தில் நிற்கும். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு நன்றாகப் பழக்கியிருக்கிறார் என்பார்கள். கெம்பிக்கு இரண்டு கண்ணும் தெரியாது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். கிட்டே போய் அந்த வெண்படலத்தைப் பார்த்த பிறகுதான் நம்புவார்கள்.

எனக்கு இதில் ஒரு கேள்வி இருந்தது. கண் தெரியாத ஒரு குதிரை எதை வைத்து ஒரு மனிதரை 'இவர்தான்' என்று தெரிந்துகொள்கிறது? குரல்தான் என்று நான் நினைத்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். மாதேஸ் மாமாவும் அப்படித்தான் நினைத்தார்.

கெம்பியை அவர் அந்தியூர்ச் சந்தையில் குட்டியாக வாங்கினார். வண்டியில் ஏற்றாமல் மேட்டூர், மேச்சேரி வழியாக நடத்தியே கூட்டி வந்தார். தொப்பூர்க் கணவாயில் லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டு இறங்கும்போது குட்டி மிரண்டு, சாலையோரத்துச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அடித்தும் வரவில்லை, இழுத்தும் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பேச ஆரம்பித்தார். அதோ லாரி வருகிறது, போய்விட்டது, இனி ஒன்றுமில்லை, இங்கே பள்ளம் என்று வழியையே கதை போலச் சொன்னார். குட்டி காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தது. அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு நிற்கவேயில்லை.

கன்னடம் அவருடைய அம்மாவின் மொழி. அம்மா போன பிறகு வீட்டில் அந்த மொழியில் பேச ஆளில்லை. மனைவி சுமலதாவுக்கு அது புரியும், ஆனால் பதில் தமிழில்தான் வரும். கெம்பி பதிலே சொல்லாது என்பதால் அவருக்கு வசதியாக இருந்தது.

"எங்கிட்ட ஒரு நாளைக்கு நாலு வார்த்த. அவகிட்ட மட்டும் ரேடியோ மாதிரி" என்பார் சுமலதா அத்தை.

"அவ நடுவுல குறுக்க பேச மாட்டா இல்ல" என்பார் மாமா.

கல்யாணக்காரர்கள் வெள்ளைக் குதிரைதான் கேட்பார்கள். அதனால் கெம்பிக்குக் கோயில் விசேஷமும் காதுகுத்தும்தான். மாமாவுக்குச் சோறு போட்டது பாலக்கோடு தக்காளி மண்டி. அங்கே அவர் ஏலம் கூவுகிறவர். அவர் கூவினால் மார்க்கெட்டின் மறுகோடியில் டீ குடிக்கிறவருக்கும் அன்றைய விலை தெரிந்துவிடும்.

கெம்பிக்கு எப்போது பார்வை போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கண்ணில் நீர் வடியும், கால்நடை மருத்துவர் நிர்மலாதேவி மருந்து கொடுப்பார், சரியாகும், மறுபடி வரும். இப்படியே போனது. ஒருநாள் மாமா மண்டிக்குப் போயிருந்தபோது, கெம்பி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வாசலில் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவில் நேராகப் போய் மோதியது. அத்தை ஓடிவந்து அதன் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். இமை அசையவில்லை.

சாயங்காலம் மாமா வந்ததும் அத்தை சொன்னார். அவர் நம்பவில்லை. "நேத்துகூட ஏரிக்குப் போயிட்டு வந்தாளே! ஒரு கல்லு தடுக்கல."

"வாயத் தெறக்காம கூட்டிட்டுப் போய்ப் பாருங்க."

வாயைத் திறக்காமல் கயிற்றைப் பிடித்து நடந்தார். வாசலைத் தாண்டியதும் கெம்பி நின்றுவிட்டது. இரண்டு காதையும் அவர் பக்கம் நீட்டிக்கொண்டு, அடுத்து என்ன என்று கேட்பது போலக் காத்திருந்தது. எவ்வளவு காலமாகத் தன் பேச்சை வைத்துக்கொண்டே அது நடந்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு ஒரு கல்லைக்கூடச் சொல்லாமல் விடமாட்டார்.

போன வருடம் அவருடைய குரல் கம்மியது. சுக்கு, மிளகு, அதிமதுரம் எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் தர்மபுரியில் மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, குரல்நாணில் ஒரு கட்டி இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார். பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் எடுத்த பிறகு தான் சொல்லும்வரை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, பேசினால் குரல் மொத்தமாகவே போய்விடலாம் என்றார். மாமா அவரிடம் தன் தொழிலைப் பற்றிக் கேட்கவில்லை.

"குதிரைகிட்டக்கூடப் பேசக் கூடாதுங்களா?" என்றுதான் கேட்டார்.

பக்கத்து வீட்டு சரத் ஆட்டோ ஓட்டுகிறவன். எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பான். "மாமா, இதெல்லாம் ஒரு மேட்டரா? கெம்பிய ஏரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப நீங்க பேசறத அப்படியே ரெக்கார்டு பண்ணிக்கலாம். அப்புறம் புளூடூத் ஸ்பீக்கர்ல போட்டு உங்க கழுத்துல மாட்டிவிட்டா, நீங்க வாயத் தெறக்கவே வேணாம்."

"அப்பிடியே எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுடா. 'சொல்லு சுமா, சொல்லு சுமா'ன்னு" என்றார் அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். யோசனை மட்டும் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒருநாள் வீட்டிலிருந்து ஏரிவரை மாமா பேசியது முழுவதையும் சரத் பதிவு செய்தான்.

ஆபரேஷன் முடிந்து வந்தார். கழுத்தில் ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு கெம்பியை வெளியே கொண்டுவந்தார். ஸ்பீக்கரிலிருந்து வா என்று கூப்பிடுகிற "பா மகளே" வந்ததும் கெம்பி காதை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. தெருவே பார்த்தது. சரத் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டான்.

எதிரே கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டர் வந்தது. மாமா கெம்பியை ஓரமாக நிறுத்தி அதற்கு வழிவிட்டார். குதிரை நின்றது, ஆனால் ஸ்பீக்கர் நிற்கவில்லை. அதை நிறுத்த மாமாவுக்குத் தெரியாது, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி நடக்க ஆரம்பித்தபோது குரல் முன்னால் ஓடிவிட்டிருந்தது. கெம்பி சமதரையில் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. பார்த்துக்கொண்டிருந்த சிலர் சிரித்தார்கள். பிறகு மடை வந்தது. அங்கே கல் உயர்ந்திருக்கும், அதை ஒட்டியே வாய்க்கால். அந்த இடத்தில் மாமாவின் குரல், "சம ஐதெ மகளே, நடி, நடி" என்றது.

மாமா கயிற்றை முழு பலத்தோடு பின்னால் இழுத்தார். கெம்பி கயிற்றை நம்பவில்லை, குரலைத்தான் நம்பியது. முன்னங்கால் இரண்டும் கல்லில் தடுக்கி, முட்டி போட்டு வாய்க்காலில் சரிந்தது. அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் மட்டும் "ஹாங், என் தங்கம்" என்றது.

எலும்பு முறியவில்லை. இரண்டு முட்டியும் உரிந்துவிட்டன. நாலைந்து பேர் சேர்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து கெம்பி கொட்டகையின் மூலையைவிட்டு நகரவில்லை. தீனியையும் தண்ணீரையும் கிட்டே கொண்டுபோனால் எடுத்துக்கொள்ளும். கயிற்றைத் தொட்டால் கால்களை ஊன்றி நின்றுவிடும். மன்னிப்புக் கேட்கிற மாதிரி சரத் ஒருமுறை போனில் "பா மகளே"வைப் போட்டான். கெம்பி காதை மடித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

இதுதான் எல்லோரையும் உலுக்கியது. பேசாத மாமாவைக் கெம்பிக்கு அடையாளம் தெரியுமோ தெரியாதோ என்று மட்டும்தான் அதுவரை பயந்தார்கள். இப்போது அவர் பேச ஆரம்பித்தாலும் பயனில்லை. அந்தக் குரல் ஒருமுறை பொய் சொல்லிவிட்டது.

மாமா சாயங்காலமெல்லாம் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வார். சில சமயம் கெம்பி அவருடைய வாய்க்குக் கிட்டே மூக்கை வைத்து மோந்து பார்க்கும். அவர் மெதுவாக மூச்சு விடுவார். அது பெருமூச்சு விடும். ஆனால் அவர் ஒருநாளும் கயிற்றைத் தொடவில்லை.

"ஒரு தடவ நடத்திப் பாருங்களேன்" என்றார் அத்தை.

மாமா கெம்பியின் முட்டியைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைக் காட்டினார். முடியாது என்று தலையாட்டினார்.

முட்டிக் காயம் ஆறி வந்தது. ஆனால் கால்கள் கீழே வீங்கத் தொடங்கின. நிர்மலாதேவி அமுக்கிப் பார்த்தார். "குதிரை இப்படி நின்னுகிட்டே இருக்கக் கூடாதுங்க. நடக்கணும். இல்லன்னா காலும் போகும், வயித்துல வலியும் வந்துடும். எப்படியாவது நடக்க வையுங்க, இல்ல நடக்கிற இடத்துக்கு அனுப்புங்க."

நடக்கிற இடம் ஒன்று இருந்தது. தர்மபுரிக்கு வெளியே மாதவராஜ் என்பவர் கல்யாணச் சாரட்டுக்காக நிறைய குதிரை வைத்திருக்கிறார். சுற்றுச்சுவர் போட்ட மணல் திடல், அதில் குதிரைகளை அவிழ்த்தே விட்டிருப்பார். நல்ல மனிதர். கண் தெரியாத குதிரைக்கு இன்னொரு குதிரையின் துணை போதும், அதன் பின்னாலேயே நடந்துகொள்ளும் என்றார். மாமா ஒரு முழு நாள் சாப்பிடவில்லை. மறுநாள் அத்தையின் போனை எடுத்து அவர் கையில் வைத்து, மாதவராஜின் எண்ணைக் காட்டினார்.

வேன் வந்தது. பின்கதவைத் திறந்து சாய்வாகப் பலகை போட்டார்கள். மாதவராஜின் ஆள் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கெம்பி அசையவில்லை. பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளினார்கள். அதற்கும் அசையவில்லை. வெல்லம் காட்டினார்கள். கழுத்தை நீட்டி வெல்லத்தை எடுத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது.

"அத்த, வேணும்னா போன்ல..." என்று சரத் ஆரம்பித்தான்.

"அந்தப் போன இன்னொரு தடவ எடுத்துப் பாரு. உன்னையும் சேத்துக் கெணத்துல போட்டுடுவேன்."

மாதவராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, நீங்களே வந்து ஏத்திவிட்டுடுங்க. எங்க கைக்கு வரமாட்டேங்குது" என்றார்.

மாமா வேறு வழியில்லாமல் எழுந்து வந்தார். கயிற்றைப் பிடிக்கவில்லை. கெம்பியின் பக்கத்தில் போய்த் தன் தோளை அதன் தோளோடு ஒட்டி நின்றார். கெம்பி தலையைத் திருப்பி அவர் வாயை மோந்தது. அவர் மூச்சு விட்டார். அப்படியே கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நின்றார்கள். பிறகு அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். தோள் நகர்ந்தது. கெம்பியின் தோளும் கூடவே நகர்ந்தது.

கொட்டகை வாசற்படியில் அவர் நின்றார். அதுவும் நின்றது. அவர் காலைத் தூக்கிப் படியில் ஓங்கி மிதித்தார். கெம்பி அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, காலைத் தூக்கி அந்த இடத்திலேயே வைத்தது. வாசலைத் தாண்டினார்கள். பலகைக்கு வந்தார்கள். மாமா பலகையைக் காலால் தட்டினார். டொக் என்றது. கெம்பியின் குளம்பு பலகையைத் தொட்டுப் பார்த்தது, பின்வாங்கியது, மறுபடி தொட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. அடுத்த அடி, அதற்கடுத்த அடி என்று மெல்ல ஏறி, குதிரையும் ஆளும் வேனுக்குள் போய்விட்டார்கள்.

"அப்பாடா, ஏறிடுச்சு" என்றான் மாதவராஜின் ஆள். கதவை மூடப் போனான்.

"இருப்பா!" என்று அத்தை கத்தினார். "நடந்துடுச்சு இல்ல? அவரு கூட நடந்துடுச்சு!"

மாதவராஜ் ஒரு நிமிடம் அத்தையைப் பார்த்தார், பிறகு வேனுக்குள் பார்த்தார். "ஏங்கண்ணா, நடக்கமாட்டேங்குதுன்னுதான என்னைய வரச் சொன்னீங்க?"

மாமாவின் முகம் கெம்பியின் கழுத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"எறங்குங்க, எறங்குங்க. சும்மா நிக்கிற குதிரைன்னுதான் ஏத்திக்க வந்தேன். நடக்கிற குதிரை எங்கிட்ட ஏற்கெனவே நெறைய கெடக்குது" என்றார் மாதவராஜ்.

நிர்மலாதேவியிடம் பிறகு ஒருநாள் என் கேள்வியைக் கேட்டேன். வாசனையா, மூச்சா, காலடியா, தோளின் கனமா? எல்லாமாகவும் இருக்கலாம், பேச்சு கேட்டபோதெல்லாம் அவையும் கூடவேதான் இருந்தன, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தனக்குத் தெரியாது என்றார். எனக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு ஏற்றியதைவிட இறக்கியதுதான் கஷ்டமாக இருந்தது. வேனுக்குள் திரும்ப இடமில்லை. கண் தெரியாத குதிரை பின்பக்கமாகப் பலகையில் இறங்க வேண்டும். மாமா அதன் மார்பில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினார். கெம்பியின் பின்னங்கால் காற்றில் தரையைத் தேடியது. கீழே நின்ற சரத் பலகையைக் கையால் தட்டப் போனான். அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா உள்ளேயிருந்து காலால் தட்டினார். குளம்பு இறங்கிப் பலகையில் பதிந்தது.

தரைக்கு வந்ததும் மாமா அதைக் கொட்டகைப் பக்கம் திருப்பப் பார்த்தார். நின்று நின்று வீங்கிய கால்களுக்கு நடை கிடைத்துவிட்டது. கெம்பி தோளால் அவரைத் தெருப்பக்கம் நெட்டியது. அவர் தடுமாறி, சமாளித்து, அதன் கூடவே போனார்.